உதடுகளின் காளைகள்

என் அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, ‘ஸ்தோத்திரம்’ என்று சொல்ல வராது. முன்னால் நிற்கும் ‘ஸ்’ என்ற ஒலியை உதறிவிட்டுத் ‘தோத்தரம்’ என்பார். கிணற்றில் ஒரு முழம் தண்ணீர் ஏறியிருந்தால் தோத்தரம். அடைக்கு வைத்த கோழி பத்துக் குஞ்சு பொரித்தால் தோத்தரம். கோபிசெட்டிபாளையத்திலிருந்து வரும் கடைசி பஸ்ஸில் நாங்கள் வந்து இறங்கிவிட்டால் தோத்தரம். எங்கள் சேட்டை பொறுக்காமல் ஓங்கிய விளக்குமாற்றைக் கீழே போடும்போதும் ஒரு தோத்தரம் வரும். அது அடிக்காமல் விட்டதற்காகக் கடவுளுக்குச் சொன்ன நன்றியா, எங்களைப் பற்றி அவரிடம் கொடுத்த புகாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஒருமுறை வீட்டுக்கு ஜெபிக்க வந்த உபதேசியார் அந்த உச்சரிப்பைத் திருத்தினார். “ஸ்... ஸ்தோத்திரம். எங்கே, சொல்லுங்கள் பார்க்கலாம்.” அம்மாயி “சரிங்க சாமி” என்று தலையாட்டினார். திருத்திக் கொடுத்ததற்காக அங்கேயே ஒரு தோத்தரமும் சொன்னார்.

உபதேசியார் பக்கம்தான் நியாயம் என்று நானும் முப்பது வருடம் நம்பியிருந்தேன். அதைக் கலைத்தவர் கொடுமுடியில் இருக்கும் என் நண்பர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறையத் தேவாரம். “ஏனுங்க, தோத்திரம் எங்கள் வீட்டுச் சொல்லுங்க” என்று ஆரம்பித்தார். சைவர்கள் தங்கள் நூல்களை இரண்டாக வகுக்கிறார்கள். பன்னிரு திருமுறைகள் தோத்திரம். சிவஞானபோதம் முதலான 14 நூல்கள் சாத்திரம். வடமொழியில் ‘ஸ்து’ என்ற வேர். புகழ்வது என்று பொருள். அதிலிருந்து ஸ்துதி, ஸ்தோத்ரம் என்று இரண்டு பிள்ளைகள். சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் சேர்ந்து நிற்பதைத் தமிழ் ஒப்பாது. அதனால் ஸ்துதி துதியாயிற்று, ஸ்தோத்ரம் தோத்திரமாயிற்று. “உங்கள் அம்மாயி பேசியதுதான் தமிழ் மரபு. ‘ஸ்’ஸை மறுபடி ஒட்டவைத்தது நீங்கள்தான்” என்றார்.

வீட்டுக்கு வந்து வேதாகமத்தைப் புரட்டினேன். நண்பர் சொன்னது வேடிக்கையாகவே இருந்தது. ஒரே சங்கீதத்தில் ‘துதி’ தமிழ் உடையில் நிற்கிறது, அதன் கூடப்பிறந்த ‘ஸ்தோத்திரம்’ வடமொழி உடையில் நிற்கிறது. ‘ஸ்துதி’ என்று யாரும் திருத்துவதில்லை. அம்மாயியின் தோத்தரத்துக்கு மட்டும் பாடம் எடுத்தோம்.

இன்னொன்றையும் அன்றுதான் கவனித்தேன். கிறிஸ்தவர் வாயில் இந்தச் சொல்லின் பொருளே நகர்ந்துவிட்டது. சைவருக்குத் தோத்திரம் என்றால் புகழ்ப்பாட்டு. எங்களுக்கு அது பாதி புகழ், பாதி நன்றி. இயேசு கடைசி இராப்போஜனத்தில் அப்பத்தை எடுத்து “ஸ்தோத்திரம்பண்ணி” அதைப் பிட்டார் என்று வாசிக்கிறோமே, அங்கே கிரேக்க மூலத்தில் இருப்பது நன்றி செலுத்தும் வினைச்சொல். ‘நன்றி’ என்று வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் நம் ஊரில் புதியது. வள்ளுவர் “நன்றி மறப்பது நன்றன்று” என்றபோது நன்றி என்பது பெற்ற உதவி. அதற்குப் பதிலாகச் சொல்லும் வார்த்தை அல்ல. கொங்கு நாட்டுக் கிராமத்தில் இன்றும் ஒருவருக்கு உதவி செய்தால் “நல்லா இருப்பீங்க சாமி” என்று வாழ்த்துவார்கள், “நன்றி” என்றால் இருவருக்கும் கூச்சமாகிவிடும். அந்தக் காலி இடத்தில்தான் தோத்திரம் வந்து உட்கார்ந்தது. அம்மாயிக்குக் கடைசி இரண்டு வருடம் என் பெயர்கூட மறந்துபோயிற்று. தோத்தரம் மறக்கவில்லை. கொடுமுடிக் கோயிலில் சுந்தரர் பாடிய பதிகத்தை நண்பர் ஒருநாள் பாடிக் காட்டினார்: “நற்றவா உனைநான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே.” நான் மறந்தாலும் என் நாக்கு சொல்லும் என்கிறார் சுந்தரர். எனக்கு அதற்கு உரை தேவைப்படவில்லை.

சைவர் வீட்டுச் சொல் எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது? வழி காட்டியவர்களில் முக்கியமானவர் இராபர்ட் தெ நொபிலி. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார். 1623இல் சேந்தமங்கலம், சேலம் பக்கமும் பயணம் வந்தார். அவருக்கு முன்பு கடற்கரைக் கிறிஸ்தவர்களிடம் போர்த்துக்கீசியச் சொற்கள் அப்படியே புழங்கின. திருப்பலிக்கு அவர்கள் மொழியில் ‘மிஸ்ஸா’. அதைத் தமிழ் நாக்கு ‘மீசை’ ஆக்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மீசை பார்க்கப் போகிறேன் என்றால் கேட்பவர் என்ன நினைப்பார்? நொபிலி அதைப் ‘பூசை’ என்றார். நம் நாட்டில் ஏற்கெனவே பக்தியோடு புழங்கிய சொற்களையே தேடி எடுத்தார். கருமத்தம்பட்டி மாதா கோயில் பக்கம் பெரியவர்கள் இன்றும் “பூசைக்குப் போய்விட்டு வந்தேன்” என்கிறார்கள். காதுக்கு அது எவ்வளவு இயல்பாக இருக்கிறது!

பிறகு வந்த மொழிபெயர்ப்பாளர்கள் கடவுளின் பெயரையே மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ‘சர்வேசுரன்’ என்றார். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் பப்ரிசியுஸ் ‘பராபரன்’ என்றார். 1871இல் ஹென்றி பவர் என்ற பாதிரியார் தலைமையில் வந்த திருத்தப் பதிப்பு ‘தேவன்’ என்றது. 1995இல் வந்த திருவிவிலியம் ‘கடவுள்’ என்கிறது. இத்தனை மாற்றத்துக்கும் அசையாமல் என் மேசை மேலிருக்கும் இரண்டு மொழிபெயர்ப்பிலும் ஒரேபோல உட்கார்ந்திருப்பவை மூன்று சொற்கள்: அல்லேலூயா, ஓசன்னா, ஆமென். மூன்றும் எபிரெயர் வீட்டுப் பிள்ளைகள். கிரேக்கரும் லத்தீன்காரரும் அவற்றை மொழிபெயர்க்காமலே கைமாற்றிக்கொண்டு வந்தார்கள்.

அல்லேலூயாவில் எனக்குப் பிடித்த விஷயம், அது பெயர்ச்சொல் அல்ல, ஏவல் வினை என்பது. ‘ஹல்லெலு’ என்றால் ‘நீங்கள் புகழுங்கள்’. ‘யா’ என்பது யேகோவா என்ற பெயரின் சுருக்கம். எலியா, ஏசாயா, எரேமியா, சகரியா ஆகிய பெயர்களின் வாலில் இருக்கும் அதே யா. ஆக, ‘யாவைப் புகழுங்கள்’ என்று பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துச் சொல்லும் கட்டளை அது. தனியாக அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அல்லேலூயா சொன்னால் இலக்கணப்படி சுவரைத்தான் ஏவுகிறோம். இதில் ஒரு சிரிப்பும் உண்டு. இப்போது எங்கள் பக்கம் போனை எடுத்தால் ஹலோவுக்குப் பதில் “பிரைஸ் த லார்ட்” என்கிறார்கள். சிலர் “பிரைஸ் த லார்ட், அல்லேலூயா” என்று இரண்டையும் சேர்த்து விடுகிறார்கள். கதவை மூடு, டோரைச் சாத்து என்பதுபோல ஒரே ஏவல் இரண்டு மொழியில்.

கிரேக்க எழுத்தில் ஏறியபோது ஹகரம் கழன்று அல்லேலூயா ஆயிற்று. தமிழுக்கு அந்த வடிவமே தோதாக வந்தது. பழைய ஏற்பாட்டில் இந்தச் சொல் சங்கீதங்களைத் தவிர வேறு எங்கும் இல்லை. புதிய ஏற்பாட்டில் மொத்தம் 4 முறை, நான்கும் வெளிப்படுத்தின விசேஷம் 19ஆம் அதிகாரத்தில். ஆனால் ‘ஹலல்’ என்ற வினை அதற்கு வெளியே ஊர் சுற்றியிருக்கிறது. வேதாகமத்தில் அது முதன்முதலில் வருமிடம் ஆதியாகமம் 12. அங்கே புகழப்படுவது கடவுள் அல்ல, ஆபிராமின் மனைவி சாராய். எகிப்தின் பிரபுக்கள் அவள் அழகைப் பார்வோனிடம் புகழ்கிறார்கள். தாவீது காத் ஊர் ராஜாவுக்குப் பயந்து, தாடியில் வாய்நீர் வடியவிட்டுப் பித்தனைப்போல நடித்தான் அல்லவா? அங்கேயும் இதே மூன்று எழுத்துகள்தான். அழகைக் கண்டு வாயடைக்காமல் பேசுவது, தன்னை மறந்து கூத்தாடுவது, எல்லாம் அந்தச் சொல்லின் உறவினர்கள். சபையில் கைதட்டி ஆடுகிறவர்களைப் பார்த்து முகம் சுளிக்கும் எங்கள் பழைய கோயில்காரர்களுக்கு (நானும் அதில் ஒருவன்) இதைச் சொன்னால் பிடிக்காது.

பொருள் தெரியாமல் கூவுகிறார்களே என்று சிலர் குறைப்படுவதுண்டு. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் எங்கள் தெரு வழியாகத்தான் போவார்கள். “அரோகரா” என்ற சத்தம் விடியற்காலையில் படுக்கை வரைக்கும் வரும். ‘ஹர’ என்னும் சிவன் பெயரை அழைக்கும் குரல் அது. மகனைப் பார்க்கப் போகிறவர்கள் அப்பன் பெயரைச் சொல்லிக்கொண்டு நடக்கிறார்கள். காவடிக்காரரை நிறுத்தி இலக்கணம் கேட்கவா முடியும்? கூவுகிற கூட்டத்தோடு சேர்ந்து கூவுவதுதான் அங்கே பொருள்.

ஓசன்னாவின் கதை வேறு. அது புகழ்ச்சியே அல்ல. ‘ஹோஷீஆ நா’, அதாவது ‘தயவுசெய்து காப்பாற்று’. 118ஆம் சங்கீதத்தில் “கர்த்தாவே, இரட்சியும்” என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரெய மூலத்தில் இருப்பது அதுதான். தெக்கோவா ஊர்க்காரி ஒருத்தி தாவீது ராஜாவின் காலில் விழுந்து கதறியதும், சமாரியாவின் பஞ்சத்தில் ஒரு தாய் மதில்மேல் போன ராஜாவைப் பார்த்து அலறியதும் இதே வினையால்தான். யூதர்களின் கூடாரப் பண்டிகையில் கிளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த வேண்டுதலைச் சொல்லிச் சொல்லி, அந்தக் கிளைக்கட்டுக்கே ஓசன்னா என்று பெயராகிவிட்டது. அழுகை மெல்ல மெல்ல ஆரவாரமாயிற்று. எருசலேமுக்குள் கழுதைமேல் வந்தவரைப் பார்த்து ஜனங்கள் “தாவீதின் குமாரனுக்கு ஓசன்னா” என்றபோது அதில் எத்தனை பங்கு வாழ்த்து, எத்தனை பங்கு கதறல் என்று பிரிக்க முடியாது. லூக்கா மட்டும் அந்தக் காட்சியில் இந்தச் சொல்லையே விட்டுவிடுகிறார்.

குருத்தோலை ஞாயிறன்று பிள்ளைகள் தென்னங்குருத்தைச் சிலுவையாக மடித்துக்கொண்டு, ஒருவர் முதுகை ஒருவர் ஓலையால் சீண்டிக்கொண்டு “ஓசன்னா” பாடிப் போகிறார்கள். காப்பாற்றுங்கள், காப்பாற்றுங்கள் என்று சிரித்துக்கொண்டே பாடும் ஊர்வலம்! கொடுமுடி நண்பருக்கு இது விசித்திரமாகத் தோன்றவில்லை. “அவிநாசிப் பதிகம் மட்டும் என்னவாம்?” என்றார். முதலை விழுங்கிய பாலகனுக்காகச் சுந்தரர் பாடியது. “கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே” என்று சிவனுக்கே உத்தரவு போடுகிறார். கேட்டதைக் கொடு என்ற பிடிவாதம் தோத்திர நூலில் ஏறி உட்கார்ந்துவிட்டது. இன்று அதையும் ராகத்தோடு ரசித்துத்தான் பாடுகிறார்கள்.

ஆமென் பற்றி ஒரு பிரசங்கியார் எங்கள் ஊரில் ஒரு விளக்கம் கொடுத்தார்: ஆம் + என் = ஆமென். கூட்டம் சொக்கிப் போயிற்று. எனக்கு வயிறு எரிந்தது. ஒலி ஒத்துப்போவதாலேயே உறவு ஆகிவிடாது. எபிரெயத்தில் அந்த வேருக்கு உறுதியாக இருப்பது, தாங்குவது என்று பொருள். அதிலிருந்து உண்மைக்கு ஒரு சொல், விசுவாசத்துக்கு ஒரு சொல், குழந்தையை ஏந்தி வளர்க்கும் செவிலிக்கு ஒரு சொல் எல்லாம் கிளைத்திருக்கின்றன. நகோமி தன் பேரப்பிள்ளையை மடியில் வைத்து வளர்த்தாள் என்று ரூத்தின் கதை முடிகிறதே, அந்தச் செவிலித்தாய்க்கும் ஆமெனுக்கும் ஒரே வேர். ஜெபத்தின் முடிவில் ஆமென் என்கிறவர் அதன் கீழே தோள் கொடுக்கிறார். அது எப்போதும் இனிப்பான காரியமும் அல்ல. உபாகமம் 27இல் லேவியர் 12 சாபங்களை வாசிக்க, ஒவ்வொன்றுக்கும் ஜனங்கள் ஆமென் சொல்லவேண்டும்.

இயேசு இதைத் தலைகீழாக்கினார். மற்றவர் பேச்சின் முடிவில் சொல்லவேண்டியதைத் தன் பேச்சின் தொடக்கத்தில் வைத்தார். “மெய்யாகவே மெய்யாகவே உனக்குச் சொல்லுகிறேன்” என்று பழைய தமிழ் வேதாகமத்தில் படிக்கிறோம். மூலத்தில் அங்கே இருப்பது ஆமென், ஆமென். திருவிவிலியம் “மிக உறுதியாக” என்கிறது. ஒன்று மெய்யைப் பிடித்தது, மற்றது உறுதியைப் பிடித்தது. இரண்டுமே அந்த வேரில் இருப்பவைதான். ஜெப முடிவில் மட்டும் யாரும் அதைத் தொடத் துணியவில்லை.

மொழிபெயர்த்த சொற்களில் என்னை அதிகம் கவர்ந்தது ‘கனம்’. “துதி கனம் மகிமை எல்லாம் உமக்கே” என்று மூச்சுவிடாமல் முடிக்கிறோம். என் அப்பா ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் எடை போடுகிறவராக இருந்தவர். அவருக்குக் கனம் என்றால் கனம்தான். விரலி மஞ்சள் மூட்டையை ஒரு கையால் சாய்த்துப் பார்த்தே இன்ன எடை என்பார். சில மூட்டைகளைத் தொட்டதும் முகம் மாறும். “ஈரக் கனம்” என்பார். காயாத மஞ்சள். தராசில் நிற்கும், பணத்தில் நிற்காது.

எபிரெயத்தில் மகிமைக்குரிய சொல் ‘காவோத்’. அதன் வேர்ப்பொருளும் எடைதான்! உடம்பின் கனத்த உறுப்பு என்பதாலோ என்னவோ, ஈரலுக்கும் அதே வேரில்தான் பெயர். பார்வோனின் இருதயம் கடினப்பட்டது என்று வாசிக்கும் சில இடங்களில் மூலத்தில் அது கனத்துப்போகிறது. “உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக” என்பதில் இருப்பதும் இந்த வினை. ‘கனம்பண்ணு’ என்று எழுதிய தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு தோத்தரம் சொல்லலாம். எடையும் மரியாதையும் ஒரே சொல்லில் கிடைக்கும் அதிர்ஷ்டம் எல்லா மொழிக்கும் வாய்ப்பதில்லை. எதிர்ப்பக்கமும் அப்படியே. எபிரெயத்தில் சபிப்பதற்குரிய சொல் ஒன்று ‘இலேசாக இருப்பது’ என்ற வேரிலிருந்து வருகிறது. ஒருவரை இலேசாக எண்ணுவதே சாபத்தின் விதை. நாமும் இளப்பம், இளக்காரம் என்கிறோம்.

கிரேக்கத்துக்குப் போனபோது காவோத்துக்குக் கிடைத்த ஈடு ‘டோக்ஸா’. அதற்கு முதலில் ‘கருத்து’, ‘ஒருவரைப் பற்றி ஊர் நினைப்பது’ என்றுதான் பொருள். இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் சிறிது நேரம் யோசித்தார். “எடை வேறு, பேர் வேறு. மண்டியில் பேருக்கு வாங்கினவன் எல்லாம் கெட்டுப்போனான்” என்றார். எபிரெயருக்கு இதைவிட நல்ல உரையாசிரியர் கிடைக்கமாட்டார்.

கடைசியாக, நான் நெடுநாள் அச்சுப்பிழை என்றே நினைத்திருந்த ஒரு வரி. ஓசியா 14: “நாங்கள் எங்கள் உதடுகளின் காளைகளைச் செலுத்துவோம்.” உதட்டில் என்ன காளை? அதே வசனத்தின் எதிரொலி எபிரெயருக்கு எழுதின நிருபத்தில் வரும்போது, “உதடுகளின் கனியாகிய ஸ்தோத்திரபலி” என்று அழகாக இருக்கிறது. எபிரெயத்தில் காளைகள் ‘பாரிம்’, கனி ‘பெரி’. உயிர்க்குறி போடாமல் எழுதிய காலத்தில் வாலில் நிற்கும் மகரம் ஒன்றுதான் இரண்டையும் பிரிக்கும். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் அதைக் கனி என்று வாசித்தார்கள், நிருபம் அந்த வழியில் போயிற்று. தமிழில் இரண்டும் அதனதன் இடத்தில் அப்படியே இருக்கின்றன.

எனக்குக் காளைதான் பிடிக்கிறது. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு ஒருமுறை போயிருக்கிறேன். காங்கேயம் காளை ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். துண்டுக்கு அடியில் இரண்டு கைகள், விரல்களால் மட்டும் பேச்சு. விற்கிறவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. விலை படிந்து கயிறு கைமாறியபோது அவர் மாட்டின் திமிலில் கைவைத்து ஏதோ முணுமுணுத்தார். ஒரு சொல்லா இரண்டு சொல்லா, கேட்கவில்லை. ஓசியா கேட்பது அந்த விலையுள்ள பேச்சைத்தான். பலியிடக் காளை கொண்டுவரவேண்டிய இடத்தில் ஒரு சொல்லைக் கொண்டுவருகிறோம் என்றால், அந்தச் சொல் ஒரு காளை பெறவேண்டும்.

அதனால்தான் “ஆயிரம் ஸ்தோத்திர பலிகள்” என்று வரிசை எண் போட்ட சிறு புத்தகங்களை வாசிக்கும் உபவாச ஜெபங்களில் எனக்கு மனம் ஒட்டுவதில்லை. ஒருவர் வேகவேகமாக வாசிக்க, மற்றவர்கள் ஒவ்வொன்றுக்கும் “ஸ்தோத்திரம்” என்பார்கள். முந்நூறைத் தாண்டும்போது அது ‘ஸ்தோம்’ என்று சுருங்கிவிடும். ஆயிரம் காளைகளை இப்படி ஒரே மூச்சில் ஓட்டிக்கொண்டு போனால் ஒன்றின் முகமாவது தெரியுமா? அப்பாவுக்கு என் முணுமுணுப்பு பிடிக்காது. கண் மங்கிய பிறகும் அந்த ஜெபத்துக்குத் தவறாமல் உட்காருவார். போன மாதம் எங்கள் வீட்டில் நடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். விரல் கணுவில் கட்டைவிரலை வைத்து அவரும் தனியாக எண்ணிக்கொண்டிருந்தார். நெல் அளக்கும்போதும் மூட்டை இறக்கும்போதும் ஒன்று என்று தொடங்கமாட்டார்கள் அல்லவா? முதல் ஸ்தோத்திரத்துக்கு அப்பா மெதுவாக “லாபம்” என்றார். அடுத்ததற்கு “ரெண்டு.”